நுரைக்குள் ஒரு மச்சான்

கல்முனைக்குடி
2024 பெப்ரவரி 11

அன்புத் தம்பி இன்பாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வெள்ளம் வடிந்துவிட்டது. பின்மதில் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது. மற்றபடி நாங்கள் சுகம். உன் இருமல் எப்படி? பவிதரன் தம்பிக்கும் என் சுகம் சொல்லு. ஒரே அறையில் இருக்கிறீர்கள், உன் இருமலை அந்தப் பிள்ளைக்கும் ஒட்டிவிடாதே.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பாய். றிஷாட்டின் வாப்பா இப்போது என் போனையும் எடுத்து எடுத்துப் பார்க்கிறார். அதனால் பதிலை என் பள்ளிக்கூட முகவரிக்கே அனுப்பு.

விஷயத்தை எழுதக் கை கூசுகிறது. போன வியாழன் மஃரிப் தொழுகைக்குப் பிறகு என் பிள்ளை றிஷாட் படுத்துக்கொண்டு போனில் கார்ட்டூன் பார்த்துச் சிரித்திருக்கிறான். என்ன இவ்வளவு சிரிப்பு என்று அவனுடைய வாப்பா குனிந்து பார்த்தார். ஒரு காருக்குள் இரண்டு பொடியன்கள் கையைப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஒருவன் மற்றவனிடம் உன்னைப் பிடிக்கும் என்கிறான். அந்தப் பிடிப்பு. உனக்கு விளக்கத் தேவையில்லை.

"இதென்னடா அசிங்கம்?" என்று கேட்டார். "மாமா தமிழுக்கு மாத்துற கார்ட்டூன்தான் வாப்பா" என்றான் இவன். அதோடு போன் சுவரில். அடுத்து இவனுடைய காதோடு சேர்த்து ஓர் அறை.

எனக்கும் குமட்டியது தம்பி. பொய் எழுத மாட்டேன். எச்சில் துப்ப வேண்டும் போல் இருந்தது. பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூனுக்குள்ளும் இதைக் கொண்டுவந்து வைக்கிறார்களே, அதற்குத் தமிழ் எழுத என் தம்பியா கிடைத்தான்?

சிறுபோகம் தொடங்கியதும் இவனை இறக்காமத்துக்குத் தன் கூடப்பிறந்த காக்காவின் வயலுக்கு அனுப்பப் போகிறாராம். "பரண்ல இருந்து ஆனை வெரட்டினா ஆம்புளையாவான்" என்கிறார். நவம்பரில் உயர்தரப் பரீட்சை. போனால் படிப்பு முடிந்தது, அவனும் முடிந்தான். என் வகுப்புப் பிள்ளைகளில் அவனைப் போலக் கணக்குச் செய்கிறவன் இல்லை.

நீ சொன்னால் அவன் கேட்பான். இது அசிங்கம், இதைப் பார்க்காதே, நினைக்கவும் செய்யாதே என்று உன் கையால் எழுதி அனுப்பு. அதை அவருக்குக் காட்டி, பொடியன் திருந்திவிட்டான் என்று சொல்லிப் பயணத்தை நிறுத்துகிறேன்.

வஸ்ஸலாம்.
உன் ராத்தா முனவ்வறா


வெள்ளவத்தை
2024 பெப்ரவரி 22

அன்புள்ள ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இருமல் போய்விட்டது. பவிதரன் கொத்தமல்லி அவித்து அவித்துத் தந்தே துரத்திவிட்டான். மதிலுக்கு முண்டு கொடுத்தீர்களா? றிஷாட்டின் காது எப்படி? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். ஹஸன் மச்சானின் கையின் பாரம் எனக்குத் தெரியும்.

நீங்கள் கேட்ட கடிதத்தை நான் எழுத மாட்டேன். கோபப்படுங்கள். ஆனால் எதற்காக அந்த அடி என்றாவது தெரிந்துகொண்டு கோபப்படுங்கள்.

அது பெற்றோல் செட் நடத்துகிற ஒரு குடும்பத்தின் கதை. வாரம் ஒரு பகிடி. தகப்பன் பெரிய கஞ்சன், சொந்தப் பெண்சாதிக்கே தேத்தண்ணிக்கு பில் போடுகிற ஆள். செட்டோடு கார் கழுவுகிற மெஷினும் இருக்கிறது. றிஷாட் பார்த்த கதையில் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் யாரிலோ ஒரு விருப்பம். மூத்த மகள் சோடா லொறிப் பொடியனைப் பார்த்துக்கொண்டே தன் சப்பாத்துக்குப் பெற்றோல் அடிக்கிறாள். சின்னவள் பள்ளிக்கூட ஆமையைத்தான் கலியாணம் முடிப்பேன் என்று அழுகிறாள். நடு மகன் டொபி மட்டும் வாய் திறக்கிறான் இல்லை.

அவனோடு படிக்கிற ஓரின் மழைக்கு ஒதுங்க வருகிறான். இரண்டு பேரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு தகப்பன் காரைக் கழுவ விடுகிறார். நாலு பக்கமும் நுரை. அப்போது ஓரின் சொல்கிறான், எனக்கு உன்னைப் பிடிக்கும் என்று. எனக்கும்தான் என்கிறான் டொபி. "இல்லை, பிடிக்கும்" என்கிறான் ஓரின். பிறகு மெஷின் சத்தம் மட்டும்தான். முன்னால் இருந்து தகப்பன், "கண்ணாடியை ஏத்துங்கடா, நுரை உள்ள வருது" என்கிறார். கார் வெளியே வருகிறது. பொடியன்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்தபடி இருக்கிறார்கள். அந்த மனிதர் ஒரு தரம் கண்ணாடியில் பின்னால் பார்க்கிறார். பிறகு றிவர்ஸ் போட்டு, கழுவி முடிந்த காரைத் திரும்பவும் உள்ளே விடுகிறார். அவ்வளவுதான் கதை.

நான் வயிற்றுப்பிழைப்புக்காக எத்தனையோ எழுதியிருக்கிறேன். இதைப் பார்த்துக் குறிப்பு எடுத்த அன்று பேனாவை வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். இதில் அசிங்கம் எங்கே இருக்கிறது? ஒரு பிள்ளையின் காதில் அறைகிற கை இருக்கிறதே, எனக்கு அதை நினைத்தால்தான் அருவருப்பு.

உங்கள்
இன்பாஸ்


கல்முனைக்குடி
2024 மார்ச் 3

தம்பி இன்பாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருப்பாய்.

உன் கடிதத்தில் நான்கு ஒற்றுப் பிழை. தமிழை விற்றுச் சம்பளம் வாங்குகிறவன், வெட்கமாக இல்லையா?

நான் உன்னிடம் கதை கேட்கவில்லை. உதவி கேட்டேன். ஆமை, சப்பாத்து, சோடா லொறி என்று சிரிக்க வைத்து, சிரிக்கிற வாய்க்குள் சீனி தடவி ஊட்டுகிறார்கள். அது அருவருப்பு. அதை நீ எனக்கு வர்ணித்து எழுதுகிறாய், அது அதைவிட அருவருப்பு. வாசித்த கடிதத்தைப் பள்ளிக்கூடக் கிணற்றடியில் வைத்து எரித்துவிட்டுக் கை கழுவினேன்.

காது பரவாயில்லை. ஒரு கிழமை சீழ் வடிந்தது. டொக்டரிடம் படியில் விழுந்தான் என்று சொன்னேன். நம் வீட்டில் படி இல்லை என்பது அவருக்குத் தெரியாதுதானே.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கஞ்சன் என்றாயே, கழுவின காரை அந்த ஆள் என்னத்துக்குத் திரும்பக் கழுவினான்?

வஸ்ஸலாம்.
முனவ்வறா


வெள்ளவத்தை
2024 மார்ச் 10

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். பிறை தெரிந்தால் நாளையோ மறுநாளோ நோன்பு. உங்கள் துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கதைத்து முடிக்கவில்லையே. அதற்காகத்தான் கழுவினார்.

இந்த முறை நீங்கள் பவிதரனைச் சுகம் கேட்கவில்லை. கேட்டதாக நானே சொல்லிவிட்டேன்.

இன்பாஸ்


கல்முனைக்குடி
2024 ஏப்ரல் 17

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி போனது. நீ அனுப்பிய சேட் றிஷாட்டுக்குத் தோளில் கொஞ்சம் பெரிது, உடம்பு வற்றிப்போயிருக்கிறான். எனக்குப் பிரஷர் கூடியிருக்கிறது, குளிசை குடிக்கிறேன்.

இன்னும் அனுப்பவில்லை. வாய்க்காலில் தண்ணீர் வரட்டும் என்று இறக்காமத்தில் காத்துக்கொண்டு இருக்கிறார்கள், அதனால் நானும் மூச்சு விடுகிறேன். ரியூசனுக்குக்கூட அவனை அவர்தான் கொண்டுபோய் இறக்கி, வாசலில் நின்று கூட்டிக்கொண்டு வருகிறார்.

பெருநாளுக்கு அவருடைய தங்கச்சி சுபைறா வந்தாள். யாரோ ஒருவரிடம் ஓதுவித்த தண்ணீர் என்று ஒரு போத்தல். பேய்க்குக் கழிப்புக் கழிப்பது போல நடுவீட்டில் இவனை இருத்திக் குடிக்கச் சொன்னாள். ஓதின தண்ணீரை நான் குறை சொல்ல மாட்டேன், அல்லாஹ்வின் கலாம். ஆனால் இவன் குடிக்கும்போது அவளுடைய பார்வை இருந்ததே! கழுத்து, இடுப்பு, கை, நடை என்று சந்தையில் மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். வட்டிலப்பத்தைத் தின்றுகொண்டே பார்த்தாள். போகும்போது என் காதில், "இன்பாஸும் இன்னும் முடிக்கல்லதானே மச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் குடித்த கோப்பையை மூன்று தரம் கழுவினேன்.

உனக்கு முப்பத்தாறு வயதாகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்டதை எழுதினேன், அவ்வளவுதான்.

வஸ்ஸலாம்.
ராத்தா


வெள்ளவத்தை
2024 மே 27

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். பிரஷர் குளிசையை நேரத்துக்குக் குடியுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் எழுதாமல் இருந்துவிட்டேன். சுபைறா கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை.

அந்தக் கார்ட்டூனுக்கு இப்போதுதான் குரல் பதிகிறோம். உங்களுக்குச் சந்தோஷமான செய்தி: அதை அறுத்துப்போட்டார்கள். அலைவரிசை மேலாளர் கூப்பிட்டு, இந்தப் படம் இப்படியே போகாது, இரண்டு பேரையும் சொந்தக்காரர் ஆக்குங்கள் என்றார். இரண்டாம் தரம் கார் கழுவுவது வீண் நேரமாம், அதையும் வெட்டியாயிற்று. எனக்கு உன்னைப் பிடிக்கும் என்ற வசனமும் இல்லை. அந்தக் கதையின் குடலை உருவி எடுத்துவிட்டுத் தோலைத் தைத்துத் தரச் சொல்கிறார்கள். தைக்கிறவன் நான். வீட்டுக்கு வந்து குளித்தும் அந்த நாற்றம் போகவில்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். என்ன சொந்தம் போடலாம் என்று கேட்டேன். அந்த மனிதர் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒண்ணுக்கொண்ணு மச்சான் ஆக்கிடுங்க. பிடிக்கும்னு சொல்ற இடத்துல, நீ என் மச்சான்னு சொல்லட்டும். விஷயம் முடிஞ்சுது" என்றார். அவருக்கு மச்சான் என்றால் ஓட்டோக்காரரைக் கூப்பிடுகிற சொல். நான் தலையை ஆட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தச் சொல்லை யாருக்கு வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு யார் சொல்வது? நான் சொல்லப் போவதில்லை. ஓரினுக்குக் குரல் கொடுத்தது நம் பக்கத்து ஆலையடிவேம்பில் பிறந்த ஆள். ஒரே ஒரு தரம்தான் சொன்னான். திரும்ப எடுக்கத் தேவை இருக்கவில்லை.

இன்பாஸ்


கல்முனைக்குடி
2024 ஜூன் 8

இன்பாஸ்,

ஸலாம். உடனே மாற்று. சகோதரன் என்று போடு, கூட்டாளி என்று போடு, அந்தச் சொல் மட்டும் வேண்டாம்.

கலியாணம் முடித்த புதிதில் நான் றிஷாட்டின் வாப்பாவை எப்படிக் கூப்பிட்டேன் என்று உனக்குத் தெரியும். கதவுக்குப் பின்னால் நின்று பழித்துக் காட்டுவாயே. கொழும்பில் யாருக்கும் விளங்காது என்று நீ சிரிக்கிறாய். இங்கே எங்கள் வீட்டில் விளங்கும். வாய்க்காலில் தண்ணீர் வந்த பிறகும் தவணைப் பரீட்சையைச் சொல்லித்தான் இவனைப் பிடித்து வைத்திருக்கிறேன். உன் கெட்டித்தனத்துக்கு அடி வாங்குவது என் பிள்ளை.

ராத்தா


கல்முனைக்குடி
2024 ஜூலை 8

தம்பி இன்பாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ பதில் போடவில்லை. பதில் சனிக்கிழமை பின்னேரம் எங்கள் டீவியில் வந்தது.

எல்லோரும் இருந்தோம். இது அந்தக் கார்ட்டூன் என்று அவருக்குத் தெரியாது, தமிழில்தானே ஓடுகிறது. எனக்கு அந்தப் பெற்றோல் செட்டைக் கண்டதும் விளங்கிவிட்டது. டீவியை நிறுத்த எழும்பினால் ஏன் என்று கேட்பார். அதனால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். றிஷாட் அசையவில்லை. அவர் மட்டும் தொடை தட்டிச் சிரித்தார். தேத்தண்ணிக்கு பில் போடுகிற இடத்தில், "இவன் நம்மட இறக்காமத்துக் காக்காதான்டா!" என்று இவனுடைய முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். அந்த அறைக்குப் பிறகு அவர் இவனை அன்பாகத் தொட்டது அதுதான்.

பிறகு கார். நுரை. பிறகு அந்தச் சொல்.

அவர் டீவியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு முந்திய என் குரல் அவருடைய காதில் கேட்டிருக்க வேண்டும். "இவன் அவன்ட தங்கச்சியையும் முடிக்கல்ல, மாமிட மகனும் இல்ல. அப்ப மறுகா என்ன மச்சான்?" என்றார். றிஷாட்டின் காது சிவந்ததைப் பார்த்துவிட்டார். எல்லாம் விளங்கிவிட்டது.

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். "உன்ட தம்பி இனி என்னை மச்சான் எண்டு கூப்பிடப்படா. வெள்ளிக்கிழமைக்கு முன்ன இவன் இறக்காமம் போகணும். இல்லாட்டி நான் இந்த ஊட்டுல இரிக்க மாட்டன். ரெண்டுல ஒண்டு" என்றார்.

அந்த ஓரினுக்குக் குரல் பவிதரனுடையதுதானே? ஆலையடிவேம்பு என்று அவனுடைய ஊரை எழுதினாய், பேரை எழுதவில்லை. அது நடிப்புக் குரல் இல்லை. பக்கத்தில் நிற்கிற ஓர் ஆளைப் பார்த்துச் சொன்ன குரல். பதிகிற அறையில் அவனுக்கு முன்னால் யார் நின்றது, இன்பாஸ்?

முனவ்வறா


வெள்ளவத்தை
2024 ஜூலை 15

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. வெள்ளிக்கிழமை போய்விட்டது. உங்கள் போன் அணைந்து கிடக்கிறது. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஜூன் கடிதம் வரும்போது பதிந்து முடித்திருந்தோம். எழுதியிருக்கலாம், துணிவு வரவில்லை. மேலாளரை வென்றுவிட்ட நினைப்பில் இருந்தேன், என் மருமகனின் காதை மறந்துபோனேன். அலைவரிசைக்கு நம் பக்கத்திலிருந்து கோபமாகப் போன் வருகிறதாம். மச்சானில் என்ன பிழை என்று மேலாளர் ஒவ்வொருவரிடமும் கேட்கிறார். எல்லோரும் ஏசிவிட்டு, காரணத்தைச் சொல்லாமல் வைத்துவிடுகிறார்களாம். இனி அங்கே எனக்கு வேலை இருக்குமோ தெரியாது. அதைப் பற்றிக் கவலை இல்லை.

றிஷாட்டை என்னிடம் அனுப்புங்கள். பரீட்சையை இங்கிருந்து எழுதட்டும். யாரும் அவனுக்குக் கை ஓங்க மாட்டார்கள். இறக்காமத்துக்குப் போயிருந்தால் சொல்லுங்கள், நானே போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒரு வரி எழுதுங்கள் ராத்தா.

இன்பாஸ்


கல்முனைக்குடி
2024 ஓகஸ்ட் 18

அன்புத் தம்பி இன்பாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரு மாதமாக எழுதவில்லை, மன்னித்துக்கொள். பிரஷர் இறங்கவே இல்லை. றிஷாட் சுகம். இங்கேதான் இருக்கிறான். பரீட்சையை இங்கேதான் எழுதுவான். உன்னிடமும் அனுப்ப மாட்டேன். அவன் என்ன பொதியா, இறக்காமத்துக்கும் வெள்ளவத்தைக்கும் அனுப்ப?

போன கடிதத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன், நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டாம். விளங்கிவிட்டது. விளங்கிய அன்று நான் சோறு தின்னவில்லை. அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அவர் சொன்ன வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பேக்கில் உடுப்பு அடுக்கி வாசலில் வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "சரி, இப்பயாவது புத்தி வந்திச்சே" என்றார். றிஷாட் போய்த் தூக்கினான். ஸிப் சரியாக மூடவில்லை, சாரன் ஒன்று வெளியே வந்தது. வாப்பாவின் சாரன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

நான் சொன்னேன்: "ஒராள் போகத்தான் வேணுமெண்டா நீங்க போங்க. உங்கட சீனி வருத்தக் குளிசையும் உள்ளுக்கு வெச்சிரிக்கன். இந்த ஊடு என்ட உம்மா எனக்கு எழுதித் தந்தது. நீங்க வந்த ஆள். இவன் இஞ்ச பொறந்தவன்."

நம் ஊரில் எல்லா வீடும் பெண்ணின் பேரில்தான், எல்லா ஆணும் வந்தவன்தான். ஆனால் அதை ஒருத்தியும் புருஷனின் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டாள். சொல்லாமல் இருப்பதுதான் மரியாதை. நான் சொல்லிவிட்டேன். அவர் நெடுநேரம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பேக்கை எடுத்துக்கொண்டு போனார். பரணில் இப்போது அவர்தான் இருக்கிறாராம். யானை வெடி போட்டதில் ஒரு விரல் சுட்டுவிட்டது என்று கேள்வி. மருந்து வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். வரச் சொல்லி அனுப்பவில்லை. வருவதென்றால் எப்படி வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாளே சுபைறா வந்தாள். "ஒரு கார்ட்டூனுக்காகவா மச்சி புருஷனை வெளிய போட்டீங்க?" என்றாள். சொல்லிக்கொண்டே அவளுடைய கண் றிஷாட்டின் அறைக் கதவைத் தடவியது. தேத்தண்ணி போடாமல் அனுப்பினேன். இனி அந்தக் கண் என் வீட்டுக்குள் வரக்கூடாது.

உன்னிடம் ஒன்று எழுதாமல் வைத்திருந்தேன். போன் உடைந்த அன்றே, குசினியில் வைத்து இவனிடம் கேட்டேன். நீயும் அப்படியா என்று. "ஓம் உம்மா" என்றான். அது தெரிந்துகொண்டுதான் உனக்கு முதல் கடிதம் எழுதினேன். நீ அசிங்கம் என்று எழுதினால், அவன் அதை வாசித்து மாறிவிடுவான் என்று எனக்கு ஒரு நினைப்பு.

நான் மாறிவிட்டேன் என்று நினைக்காதே. எனக்கு இன்னும் அருவருப்புத்தான். ஐந்து வேளையும் துஆக் கேட்கிறேன், போகவில்லை. சோறு பிசைகிற அவனுடைய கையைப் பார்க்கும்போதுகூடச் சில நேரம் வருகிறது. நேற்றுப் பகல் அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

"உம்மா, என்னப் பாத்தா உங்களுக்கு அருவருப்பா?" என்று கேட்டான்.

அவன் எனக்கு உண்மை சொன்னவன். நானும் சொன்னேன். "ஓம் மகன்."

பிடித்த உருண்டையைச் சோற்றுக் கோப்பையில் திரும்ப வைத்தான். "அப்ப என்னத்துக்கு வாப்பாவ அனுப்பினீங்க?"

"அருவருப்பு எனக்குத்தானே. அதுக்கு நீ ஏன் ஊட்ட விட்டுப் போகணும்?" என்றேன்.

கோப்பையை என் பக்கம் தள்ளினான்.

"இன்னும் கொஞ்சம் மீன் ஆணம் ஊத்துங்க உம்மா."

ஊற்றினேன்.

வஸ்ஸலாம்.
ராத்தா